போர்விமான அருங்காட்சியகத்தின் பின்கூடம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காட்சிக்கூடத்தில் நாள் முழுக்க நடந்து, கால் ஓய்ந்த பிறகுதான் பலரும் பழைய விமானங்களைச் சீரமைக்கும் பின்கூடத்தை, அதாவது மராமத்துக் கூடத்தை, தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பின்கூடம் எல்லா நாளும் திறந்திருக்காது. இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகளாக நவம்பரில் ஒரு வாரம் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். அமெரிக்காவின் விமான அருங்காட்சியகமான உத்வார்-ஹேசி மையத்தில் மராமத்துக் கூடத்தை மேல்மாடத்துக் கண்ணாடி வழியே பார்க்கலாம். ஆனால் வேலை நடக்காத நாளில் போனால் ஆளில்லாக் கொட்டகைதான் தெரியும். தேதியை உறுதிசெய்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

வாலில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் வண்ணத்தைப் பூசி நிறுத்துவது சாதாரணம். விமானி அறையிலோ சக்கரக் குழியிலோ ரிவெட் அடித்த சிறு உலோகத் தகடு இருக்கும். தயாரிப்பு எண்ணை அதில் பாருங்கள். ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போதும் 'ஸ்பிட்ஃபயர் பற்றி ஏதாவது' என்றால் ஒன்றும் கிடைக்காது. விமான எண், ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), ஆண்டு மூன்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். உள்ளே பேனாவுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை, பென்சில்தான்.

தொடக் கூடாது என்பது வெறும் கெடுபிடி அல்ல. வியர்வையின் உப்பு வெற்று அலுமினியத்தில் ஒட்டினால், விரல்ரேகை அரிப்புக் கறையாகவே பதிந்துவிடும். டோப் என்ற இறுக்கும் மெருகு பூசிய பழைய துணி இறக்கை இறுகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். ஒரு விரல் அழுத்தமே கிழித்துவிடும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ரேடியம் முள்மானிகளைத்தான்; அதாவது, இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சிட்ட பழைய விமானி அறை மானிகளை. இருட்டில் ஒளிரவில்லை, ஆகவே கதிர்வீச்சு வீரியம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தேய்ந்துபோனது ஒளி தரும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி உடைந்தால் உதிரும் பொடியைச் சுவாசிப்பதே பெரிய ஆபத்து. மூடிய அறையில், ரேடியத்திலிருந்து வெளியாகும் கதிரியக்க வாயுவான ரேடானும் சேரும். அதனால்தான் இவற்றைக் காற்றோட்டமுள்ள அலமாரியில் தனியே வைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய மானியை அடையாளம் கேட்கப் பையில் போட்டு எடுத்துப் போகாதீர்கள்; முதலில் படம் மட்டும் அனுப்புங்கள்.

'ஏன் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை?' என்றும் கேட்காதீர்கள். பழைய வண்ணங்களைக் கண்டறிய விமானத்தின் உடலில் நாணயம் அளவு இடத்தைத் தேய்த்து விட்டிருப்பார்கள். குனிந்து பாருங்கள்: சாம்பல், பச்சை, மஞ்சள் என்று வளையம் வளையமாக, அந்த விமானம் அணிந்த வண்ணமெல்லாம் வரிசையாகத் தெரியும்.