வரைபடத்தில் நம் தெரு தெரியாது: காட்டுத்தீ அபாய வரைபடத்தை வைத்துத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து பெர்க் காற்று என்ற வறண்ட வெப்பக்காற்று இறங்குகிற நாளில் குளிர்காலம் என்பதே மறந்துபோகும், காலை பத்து மணிக்கே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். சரிவுகள் எரிவதும் பெரும்பாலும் அந்தக் காற்றில்தான்.

போன வருடம் எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில், தீ வந்தால் என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் கூடினோம். ஒருவர் வட்டார அபாய வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு வந்து சுவரில் ஒட்டினார். உடனே எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினோம். என் வீடு மஞ்சளில் இருந்தது, பக்கத்துத் தெரு அக்காவின் வீடு ஆரஞ்சில். அவருக்கு முகம் வாடியது, எனக்கு நிம்மதியானது. இரண்டுக்குமே காரணம் இல்லை.

ஒரு மாவட்டத்துக்குள் பணமும் ஆட்களும் முதலில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யத்தான் வட்டார வரைபடம் உதவும். 2010-இல் தென்னாப்பிரிக்க அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். தயாரித்த தேசிய மதிப்பீடு நாடு முழுவதையும் தாவர வகைகளின்படி பிரித்துப் பார்த்தது. தீயைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களிலும் மோடிஸ் கருவியின் ஒரு கட்டம் 1 கிலோமீட்டர் அகலம், அதாவது 100 ஹெக்டேர். அதைவிட நுணுக்கமான விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். அந்த ஒரே கட்டத்துக்குள் பள்ளிக்கூடமும், வாட்டில் என்ற வேல வகைப் புதர் அடைத்த ஓடையும், இருபது வீடுகளும் சேர்ந்தே இருக்கும். வீடு பிழைக்குமா என்பதைக் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியும், மழைநீர்க் குழாயில் சேர்ந்த சருகும், சுவரோரம் அடுக்கிய விறகும் முடிவு செய்கின்றன. இவை எந்த வட்டார வரைபடத்திலும் வராது. ஆகவே மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஓடும் கோட்டை வேலியைப் போல நினைக்கக் கூடாது.

நிறங்களிலேயே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தினமும் அறிவிக்கப்படும் தீ அபாயக் குறியீட்டுக்கும் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றுதான் நிறம். அது அன்றைய வெயில், ஈரப்பதம், காற்று, முந்தைய மழை இவற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். அபாய வரைபடமோ பல வருடக் கணக்கு. வரைபடத்தில் மஞ்சளான இடத்திலும் சிவப்பு நாள் வரும். எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தார்கள். திட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். எங்கே புதர் வெட்டுவது, எங்கே தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல், புதரை அகற்றிய பட்டை) போடுவது என்பதற்கு வரைபடம். இன்று அடுப்பு மூட்டலாமா, வயதானவர்களை முன்கூட்டியே வெளியேற்றலாமா என்பதற்குக் குறியீடு.

தீ அடிக்கடி வரும் இடமும், வந்தால் பெரும் சேதமாகும் இடமும் ஒன்றல்ல. ஆளில்லாத மலைப் புல்வெளி வருடாவருடம் எரிந்து, மழை வந்ததும் துளிர்த்துவிடும். ஊரோரத் தைலமரத் தோப்பு இருபது வருடத்தில் ஒரே முறைதான் எரியும், ஆனால் பக்கத்துத் தெருவையும் கொண்டுபோய்விடும். செயற்கைக்கோள் பதிவு செய்யும் தீப்புள்ளிகளை மட்டும் எண்ணி அபாயத்தை மதிப்பிட்டால் இது தலைகீழாகத் தெரியும். நம் தாத்தா பாட்டிகள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த வடகடற்கரைக் கரும்பு வயல்கள் இதற்கு நல்ல உதாரணம். டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் அறுவடைக்கு முன் தோகையைக் கொளுத்துவது வழக்கம். செயற்கைக்கோளுக்கு அதுவும் தீதான். அந்தப் புள்ளிகளை அப்படியே எண்ணினால் கரும்பு வயல்தான் மாகாணத்திலேயே மோசமான இடம் என்று தோன்றும். அதே சமயம், செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகாத நேரத்தில் ஒரு மணி நேரம் சீறி எரிந்து அணைந்த புல்வெளித் தீ கணக்கிலேயே வராது.

வரைபடத்தில் தீப்புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருக்கும் இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. மேற்குக் கேப் மாகாணத்தின் ஃபின்போஸ் புதர் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை எரிந்து புதுப்பித்துக்கொள்ளும் தாவரம். பல காலம் தீ வரவில்லை என்றால் அங்கே விறகு சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். 2017 ஜூனில் அதே மாகாணத்தின் நைஸ்னா பகுதியில் நான்கு நாட்களில் சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்தது. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, ஏழு உயிர்கள் போயின. கடும் வறட்சி, வெப்பமான பெர்க் காற்று, பைன் தோட்டங்கள், புதர்க்காடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் அது. கேப் பகுதியில் தீக்காலம் என்றாலே கோடைதான் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது, நைஸ்னா தீ வந்ததோ குளிர்காலத்தில். பருவத்தையும் வரைபடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குவாசுலு-நடாலில் நமக்கு மோசமான மாதங்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை.

காற்று திரும்புவதையும் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. பெர்க் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும். பின்னாலேயே குளிர்ந்த காற்று தென்மேற்கிலிருந்து வந்து சேரும். அந்த நிமிடத்தில், இதுவரை ஓரமாக எரிந்துகொண்டிருந்த தீயின் நீண்ட பக்கம் முழுவதுமே முன்னணியாக மாறிவிடும். மேட்டை நோக்கி ஏறும் தீக்குச் சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் வெளியேறும் வழியைத் தீர்மானிக்கும்போது ஒரு திசைக் காற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எங்கள் பகுதிக்கு ஒரே வழிதான் என்று எழுதியிருந்தோம். அது வாட்டில் ஓடையைக் கடந்து போகிற வழி.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தபோதுதான் அது தெரிந்தது. இன்னும் பல விஷயங்களும் அப்போதுதான் கண்ணில் பட்டன. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத வாசல், மின்சாரம் போனால் திறக்காத தானியங்கி கேட், பம்ப் நின்றால் தண்ணீர் ஏறாத மேட்டுத் தெரு. அப்புறம், ஓடைக்கரையில் புதிதாக முளைத்திருந்த தகர வீடுகள். வரைபடத்தில் அவை இல்லவே இல்லை. பதிவான கட்டடங்களை மட்டும் எண்ணும் வரைபடத்தில் முதலில் காணாமல் போகிறவர்கள் ஏழைகள்தான். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் சூலு மக்களின் மொழியான இசிசூலு பேசுபவர்கள். எங்கள் அறிவிப்போ ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவர்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்த பிறகுதான் திட்டம் திட்டமாயிற்று.

சட்டத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். 1998-ஆம் ஆண்டின் தேசிய வெல்ட் (புல்வெளி), காட்டுத்தீச் சட்டப்படி தீ மூளவோ பரவவோ கூடிய நிலத்தின் உரிமையாளர் எல்லையில் தீத்தடுப்புக் கோடு போட்டே ஆக வேண்டும், மண் அரிக்காதபடியும் போட வேண்டும். உங்கள் நிலத்திலிருந்து தீ பரவி அடுத்தவருக்குச் சேதமானால், நீங்கள் வட்டாரத் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதபட்சத்தில் கவனக்குறைவு உங்களுடையதே என்றுதான் நீதிமன்றம் தொடங்கும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சரி, கோடு போட்டாயிற்றே என்று உட்கார்ந்துவிடவும் முடியாது. பலத்த காற்றில் கங்குகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் பறந்து கூரைக்குள் விழும்.

ஆடி மாதம் இந்தத் தீக்காலத்தின் நடுவிலேயே வருகிறது. மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச வெட்டவெளியில் விறகு அடுப்பு மூட்டுகிறோம். தீ அபாயம் அதிகம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளியில் தீ மூட்ட யாருக்கும் அனுமதி இல்லை, கோயிலுக்கும் இல்லை. இந்த ஆடிக்குக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. சிவப்பு நாளோ ஆரஞ்சு நாளோ வந்தால் பானைகள் மண்டபத்துச் சமையலறையின் கேஸ் அடுப்புக்குப் போகும். காலையில் குறியீட்டைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அந்த ஆரஞ்சு வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.