எடிட்டிங் பழக வேண்டுமா? முதலில் காதைத் தீட்டுங்கள்

வீடியோ எடிட்டிங்குக்கு எந்த சொஃப்ட்வெயர் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு பழகுவதற்குத் தாராளமாகப் போதும். சரி, இனி வேலைக்கு வருவோம்.

இந்தத் தொழிலை விளங்கிக்கொள்ள இலங்கையின் சிங்களப் பட எடிட்டர் டைட்டஸ் தொட்டவத்த வந்த வழியைப் பாருங்கள். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை பழகி, அங்கிருந்து இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸோடும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கோடும் வெளியேறியவர். மூவரும் சேர்ந்து செய்த 'ரேகாவ' 1956இல் வெளிவந்து, அடுத்த வருடம் கான் விழாவில் போட்டிக்குப் போனது. அதன் எடிட்டர் இவர்தான். பிறகு தானே படங்கள் இயக்கினார். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபின் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் கதைக்க வைத்தார். ஆவணப்படம், கதைப்படம், டப்பிங் எதுவானாலும் ஒரு ஆள் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். என் கணக்கில் எடிட்டருக்கு அதுதான் மூலதனம்.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கல்யாண வீடியோ செய்கிற ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேருங்கள். அந்த வேலையை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம், இவ்வளவு உண்மையான முகங்கள் வேறெங்கும் கிடைக்காது. தாலி கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளச் சத்தத்தை முதலில் வெட்டாமல் முழுசாக டைம்லைனில், அதாவது சொஃப்ட்வெயரில் படமும் சத்தமும் வரிசையாக அடுக்கும் பட்டையில், போடுங்கள், அதன் மேல் படங்களை அடுக்குங்கள். எல்லாக் கமராவும் தாலியையே பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் ஏதோ ஒன்றின் ஓரத்தில் பெண்ணின் அம்மா நிற்பார். மேளம் ஓயும் முன்னரே அவரிடம் போய், அவர் கண்ணைத் துடைத்துவிட்டுத் தலையைக் குனியும் வரைக்கும் காத்திருங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு என்று போட்டால் விளம்பரம் மாதிரி வேகமாக ஓடும், அழுத ஆளைத்தான் யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம், வீட்டில் வயதான ஒருவரைப் பத்து நிமிடம் கதைக்கவிட்டு எடுத்து, இரண்டு நிமிடமாகச் சுருக்குங்கள். காலி வீதிப் (Galle Road) பக்கம் வீடென்றால், வெட்டும்போது பஸ் சத்தம் வாக்கியத்தின் நடுவே துண்டு துண்டாகக் குதிக்கும். அதனால் யாரும் கதைக்காத நேரத்தில் அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடமாவது தனியாகப் பதிந்துவைத்து, வெட்டி ஒட்டிய இடங்களின் அடியில் போடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒட்டு காதில் உறைத்தால் திரும்ப வெட்டுங்கள். பதில் சொல்லும் முன் அவர் யோசிக்கிற மௌனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டப்பிங்கும் பழகுங்கள். மூன்று மொழியிலும் வேலை நடக்கிற ஊர் இது. ஒரு நிமிடச் சிங்களக் காட்சிக்குத் தமிழ் வசனம் எழுதி நீங்களே பேசிப் பொருத்துங்கள். திரையில் உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேலை கேட்டுப் போகும்போது பளபளவென்று வெட்டிய தொகுப்பைவிட முழுசான ஒரு காட்சியைக் காட்டுங்கள். மூல ஃபைல்களை எப்போதும் இரண்டு ஹார்ட் டிரைவில், இரண்டு இடத்தில் வையுங்கள்.