சுருள் எந்தப் பக்கம் விலகுகிறது? நுண்கால்வாய்ச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலஞ்சுழிச் சுருளையும் அதன் ஆடி விம்பமான இடஞ்சுழிச் சுருளையும் பிரிக்க இரசாயனம் தேவையில்லை, நீரோட்டமே போதும். நுணுக்குக்காட்டியின்கீழ் வைக்கும் மெல்லிய கால்வாயில் நீர் சுவரோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும். அந்த வேக வேறுபாட்டில் சுருள்கள் ஓட்டத்தின் திசைக்குச் சாய்ந்து, வலஞ்சுழி ஒரு பக்கமும் இடஞ்சுழி எதிர்ப்பக்கமுமாக விலகும். இதை 2009இல் லெப்டோஸ்பைரா பைஃப்ளெக்ஸா என்ற சுருள் வடிவப் பற்றீரியாவை வைத்துக் காட்டினார்கள். எலிக்காய்ச்சல் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனால் நோய் தராது. கொழும்பில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதைத் தொடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அன்று பயன்படுத்தியது நீந்த முடியாத வகை. நீந்தும் வகையைப் போட்டால் அது தன்பாட்டுக்குத் திரியும். ஓட்டம் தள்ளியதா, தானாகப் போனதா என்று பிரித்தறிய முடியாது.

பலரும் சறுக்குவது ஆழத்தில். கால்வாயின் மேற்பாதியில் வேகம் மேலே போகப் போகக் குறையும், கீழ்ப்பாதியில் கீழே போகப் போகக் குறையும். ஆகவே ஒரே வலஞ்சுழிச் சுருள் மேற்பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப்பாதியில் எதிர்ப்பக்கமும் விலகும். குறைந்த உருப்பெருக்கத்தில் முழு ஆழத்தையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி பூச்சியம்தான். “விளைவே இல்லை” என்று கைவிடுவதற்கு முன், ஒரு பாதியை மட்டும் குவித்துப் பாருங்கள். பிரித்தெடுப்பதென்றாலும் மாதிரியை ஒரு பாதியில் மட்டும் செலுத்துங்கள்.

அடுத்தது கமரா. நுணுக்குக்காட்டி விம்பத்தை 180 பாகை சுழற்றுவதால் கேடில்லை, சுழற்றினாலும் வலஞ்சுழி வலஞ்சுழிதான். மென்பொருளில் இடவலம் புரட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு: வலஞ்சுழி இடஞ்சுழியாகத் தெரியும். பத்திரிகைத் துண்டொன்றைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டி, “ஐ” என்ற எழுத்து திரையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தலைகீழாக நின்றால் சரி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் புரட்டியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

ஒன்றுக்கொன்று ஆடி விம்பமாக இருக்கும் மருந்து மூலக்கூறுகளையும் இப்படியே பிரிக்கலாம் என்று முன்மொழிவில் எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சிறியவை வெப்ப அலைச்சலில் தாறுமாறாகச் சுழலும், ஓட்டத்தோடு சாய நேரமே கிடைக்காது.

அப்புறம் நம்ம ஊர் வெக்கை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை நேரே செலுத்தினால், சூடேறும்போது கரைந்த காற்று குமிழியாக வெளிவந்து கால்வாயை அடைக்கும். முதலில் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். பம்ப் இல்லாமல் போத்தலை உயர்த்தி வைத்து ஓட்டுகிறவர்கள் ஏசியையும் கவனிக்க வேண்டும்: 25 பாகையிலிருந்து 30க்குப் போனாலே நீரின் பிசுக்குமை (ஓடுவதை எதிர்க்கும் தன்மை) ஏறத்தாழப் பத்திலொன்று குறையும், ஓட்டம் அந்த அளவுக்குக் கூடும்.