பிஜிசெர்ட் எழுதும்போது விரிவுரையாளர்கள் சறுக்கும் இடங்கள்

பிஎச்.டி., போஸ்ட்டாக் எல்லாம் தாண்டி பிரிட்டனில் விரிவுரையாளர் வேலை கிடைத்ததும், பணி ஆணையில் பலருக்கும் ஒரு வரி கண்ணில் படும்: ப்ரொபேஷன் முடிவதற்குள் உயர்கல்விக் கற்பித்தலில் பிஜிசெர்ட் என்ற முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ‘இன்னுமா படிப்பு’ என்றுதான் எனக்கும் தோன்றியது. பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று 1997இல் பிரிட்டன் உயர்கல்வியை ஆராய்ந்த டியரிங் குழுவின் அறிக்கை சொன்னதற்கு அப்புறம் வேகமாகப் பரவிய வழக்கம் இது.

முதலில் பெயர்க் குழப்பம். பிஜிசிஇ என்பது பள்ளி ஆசிரியர்களுக்கு, நம் ஊர் பி.எட். மாதிரி. பிஜிசெர்ட் வேறு. ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் இதில் பெரும்பாலும் இடம், அதனால் இதைப் படித்துவிட்டு விரிவுரையாளர் வேலை தேடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிஎச்.டி. படித்துக்கொண்டே ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருப்பவர்கள் அட்வான்ஸ் எச்இ என்ற உயர்கல்வி அமைப்பு தரும் அசோசியேட் ஃபெல்லோ தகுதிக்கு முயற்சி செய்யலாம்.

அடுத்தது நேரம். வழக்கமாக 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம், ஆக 600 மணி நேரம். சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஈஸ்டர் விடுமுறையில் விழி பிதுங்குவார்கள். செமஸ்டர் தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் பேசி வேலைப்பளுக் கணக்கில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள், வாய்ப் பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது தங்கள் கற்பித்தலைத் தாங்களே அலசி எழுதும் எழுத்தில்தான், அதிலும் நன்றாக ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரிந்தவர்கள். என் முதல் வரைவு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: “இதில் நீங்கள் எங்கே?” நாற்பது மேற்கோள் போட்டிருந்தேன், ‘நான்’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. இருபது வருஷமாக அதை ஒளிக்கத்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்!

‘மாணவர்களைச் செய்ய வைத்துக் கற்பிப்பது ஈடுபாட்டைக் கூட்டுகிறது’ என்று எழுதி அதன் வாலில் நான்கு பேரின் பெயரைக் கட்டியிருந்தேன். அதைத் தூக்கிவிட்டு, நடந்ததை எழுதினேன். மூன்றாவது வாரம், சுமை ஏற்றிய உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறனைக் காட்டும் பெண்டிங் மொமென்ட் வரைபடம் நடத்தினேன், பாதிப்பேர் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கையும் நகரவில்லை. அடுத்த வாரம் பாதி வரைந்த படத்தைத் தாளில் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து முடிக்கச் சொன்னேன். தாள்களைச் சேகரித்துப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக அதே தவறு: புள்ளிச்சுமைக்கு நேர்கோடுகள் வர வேண்டிய இடத்தில் வழவழவென்று வளைகோடு. மூன்று வருஷம் நடத்தியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இந்தப் பத்திக்கு இரண்டு மேற்கோள் போதுமாயிருந்தது.

இதற்கு நேரெதிராக டைரி எழுதுகிறவர்களும் உண்டு. ‘பதற்றமாக இருந்தது, போகப் போகச் சரியானது’ என்று. அனுபவத்தை அலசி எழுத கிப்ஸ் என்பவர் வகுத்த சுழற்சியில் உள்ள ஆறு படிகளையும் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி நிரப்பினால் அதில் சிந்தனை எங்கிருந்து வரும்?

அப்புறம் குறியீடுகள். ஏ1, கே2, வி3 என்று உயர்கல்வி ஆசிரியர்களுக்கான தொழில்முறைத் தர வரையறையின் (செயல், அறிவு, மதிப்பு என்ற மூன்று பிரிவு) எண்களை ஒவ்வொரு வாக்கியத்திலும் கடுகு தாளிப்பது போலத் தூவுவார்கள். எண் போட்டால் மட்டும் ஆதாரம் ஆகாது. இன்னொன்று, சீனியரின் பழைய போர்ட்ஃபோலியோவை வாங்கி வைத்துக்கொண்டு எழுதுவது. 2011 வரையறையில் கே6 உண்டு. 2023 வரையறையில் மூன்று பிரிவிலும் ஐந்து ஐந்துதான். உங்கள் பக்கத்தில் கே6 தலைகாட்டினால் எங்கிருந்து வந்தது என்று மதிப்பிடுபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பிஜிசெர்ட்டுக்காக நம் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒருவர் வரும் நாளை நாம் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்‌ஷன் நாளாக்கிவிடுகிறோம். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை தூக்கு என்பார்களே, அதேதான். நன்றாக ஓடும் வகுப்பைக் காட்டினால் ‘நன்று’ என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அதை வைத்து நீங்கள் எதையும் எழுத முடியாது. மொக்கையாகப் போகும் வகுப்புக்கு அழைத்து, எங்கே மாணவர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அனுமதி. மாணவர்கள் எழுதிய தாள், சொன்ன கருத்து இவற்றை ஆய்வாகப் பின்னால் வெளியிடும் எண்ணம் துளி இருந்தாலும், சேகரிக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மேலே சொன்ன தாள்களை மாநாட்டில் காட்ட ஆசைப்பட்டேன். படிவத்தில் முதல் கேள்வியே, தரவு எப்போது சேகரிக்கப்படும் என்பது. தாள்களோ என் மேசை டிராயரில் இருந்தன. இன்னும் அங்கேதான் இருக்கின்றன.