பசும்பாலை நிறுத்த நினைக்கிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் எதற்காக நிறுத்துகிறோம் என்று தெளிவாகுங்கள். பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு உப்புசம், வாயு, பேதி என்றால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம், ஒன்றிரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும். இவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை, வீட்டில் சோதித்துப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி பால் விஷம், எலும்பை அரிக்கும் என்று சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 5.7 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் எம்1 அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தது, அதில் தமிழ்நாட்டு மாதிரிகள்தான் அதிகம். பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து வரும் நஞ்சு இது, காய்ச்சினாலும் போகாது.

என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் கன்றுதான். மாடு கன்று போட்டால்தான் பால், அதனால் சினை ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பிறப்பது காளைக் கன்றாக இருந்தால் டிராக்டர் வந்த ஊரில் அதற்கு வேலை இல்லை. கறவை வற்றிய மாடும் சந்தைக்குப் போய், பெரும்பாலும் அங்கிருந்து அடிமாடாகத்தான் போகிறது. ரெண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் நாம் வாங்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் இது நடக்கிறது என்பதை மறைக்கவும் முடியாது.

சரி, எப்படி விடுவது? பாயசம், குருமாவில் ஆரம்பியுங்கள், தேங்காய்ப்பால் ஊற்றினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அடுத்தது தயிர். நிலக்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை உறைவது சுமாராகத்தான் இருக்கும், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததை உறை ஊற்றினால் கெட்டியாக வரும். காபியைக் கடைசியில் தொடுங்கள். சோயா பால் கொதிக்கும் டிகாஷனில் திரியும், அதனால் பாலைச் சூடாக்கி, கொஞ்சம் ஆறிய டிகாஷனை மெதுவாக ஊற்றுங்கள். முந்திரிப் பாலும் நன்றாக இருக்கும், விலைதான் அதிகம்.

நிறைய பேர் தவறவிடுவது கால்சியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் தேவை, 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் உண்டு, ஆனால் அத்தனையும் உடம்பில் சேராது, முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். எள்ளுப்பொடி, முருங்கைக்கீரையை வாரத்தில் பல நாள் சேருங்கள். பாலக்கீரையை இதற்கு நம்பாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் வைட்டமின் பி12. செடிகொடிகளில் இது நம்பும்படி கிடைக்காது. சைவம் சாப்பிடுபவர் பாலையும் விட்டால் மாத்திரை கட்டாயம், எந்த அளவு என்று ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ பதிலாகக் கடலைப்பாலோ தேங்காய்ப்பாலோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு நிறுத்துவதென்றால் குழந்தை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.