டான், சான், சென்: ஒரு சீனக் குடும்பப் பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ். ஆர். நாதனுக்குப் பிறகு சிங்கப்பூர் அதிபர் யார் என்பதை முடிவு செய்ய 2011இல் நடந்த தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டார்கள்: டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியான். நால்வரும் டான், நால்வரும் தங்கள் குடும்பப் பெயரை ஒரே சீன எழுத்தால் எழுதுபவர்கள். ஆனால் ஒருவருக்கொருவர் உறவில்லை. டோனி டான் 35.20 விழுக்காடும் டான் செங் போக் 34.85 விழுக்காடும் பெற்று, மயிரிழையில் முடிவு வந்தது.

தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நமக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரே பெயரைப் பல இடங்களில் கண்டால், இவர்கள் உறவினர்கள் என்று நினைக்கிறோம். இல்லையென்றால் சாதிப் பெயர் போல ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். இரண்டுமே பொருந்தாது. இந்தப் பெயர் தொழிலையும் காட்டாது, அந்தஸ்தையும் காட்டாது. சிங்கப்பூரின் ரப்பர் முதலாளியாக வளர்ந்து, 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவிய டான் கா கீயும் டான்தான். அவரைப் போலவே தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்து மூட்டை சுமந்தவர்களிலும் எத்தனையோ டான்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆங்கில எழுத்துக் கூட்டலை நம்பிப் பெயரை அடையாளம் காண்பது. சீனாவில் மாண்டரின் உச்சரிப்பில் சென் என்பவர், ஹொக்கியன், தியோச்சூ ஆகிய தென்சீனப் பேச்சுமொழிகளைப் பேசுவோரிடம் டான். கண்டோனீஸ் பேசும் ஹாங்காங்கில் சான். ஹக்கா குடும்பங்களில் பெரும்பாலும் சின். வியட்நாமில் அதே எழுத்து டிரான், கொரியாவில் ஜின். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறியவர் தம் பேச்சுமொழியில் சொன்னதைக் காலனி ஆட்சியின் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அந்தப் பதிவே இன்றுவரை அடையாள அட்டையில் நிற்கிறது. கணித மேதை சென் சிங்ஷென் ஆங்கிலத்தில் தம் பெயரின் நடுவே 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்து எழுதினார். அது பழைய எழுத்துபெயர்ப்பு முறை ஒன்றில் ஒலியின் ஏற்றத்தைக் காட்டும் குறி மட்டுமே. அதை அறியாமல் 'செர்ன்' என்று வேறொரு குடும்பப் பெயராகவே பலர் கருதிவிட்டார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் வழுக்கலானது. சிங்கப்பூர் டான் என்றால் பெரும்பாலும் இந்தப் பெயர்தான். ஆனால் பெய்ஜிங்கிலிருந்து வரும் ஒருவரின் கடவுச்சீட்டில் டான் என்றிருந்தால், அது ஹாங்காங்கில் டாம் என்று வழங்கும் முற்றிலும் வேறான பெயராக இருக்கக்கூடும். நாம் நன்கு அறிந்த ஜாக்கி சானின் குடும்பப் பூர்விகப் பெயர் ஃபாங். சான் என்பது அவருடைய தந்தை பின்னாளில் ஏற்றுக்கொண்டது. மாண்டரின் பேசும் ரசிகர்கள் அவரை செங் லோங் என்பார்கள். அந்த செங் வேறு எழுத்து, அது மேடைப் பெயர். 1957இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சென் நிங் யாங்கைச் சென் குடும்பத்தவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவருடைய குடும்பப் பெயர் யாங். மேற்கத்திய வழக்கப்படி அது கடைசியில் வந்திருக்கிறது.

ஆகவே பெயரின் சீன எழுத்து எது என்று கேளுங்கள். சீனர்களே அப்படித்தான் செய்கிறார்கள். ஒலி ஒன்றாகவோ நெருக்கமாகவோ உள்ள பெயர்கள் ஏராளமாக இருப்பதால், தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 'காது-கிழக்கு சென்' என்று எழுத்தின் இரு பாகங்களையும் சொல்லிவிடுவார்கள். இடப்பக்கம் காது போலத் தெரியும் உறுப்பு, வலப்பக்கம் கிழக்கைக் குறிக்கும் உறுப்பு. இதைக் கேட்டுவிட்டு, கிழக்கு நோக்கிக் காது கொடுப்பவர்கள் என்று கதை கட்டக் கூடாது. காது என்பது பார்ப்பதற்கு அப்படி இருப்பதால் வந்த பேச்சு வழக்கு. அந்த உறுப்பு உண்மையில் மேட்டு நிலத்தைக் குறிப்பது.

அடுத்த தவறும் இதையொட்டியதே. அகராதியைப் புரட்டினால் இந்த எழுத்துக்குப் பரப்பி வைத்தல், பழமையான என்ற பொருள்கள் கிடைக்கும். அதை வைத்துப் பெயர்ப் பொருள் எழுதுகிறார்கள். குடும்பப் பெயராக இது ஓர் ஊரைக் குறிக்கிறது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வென்ற சௌ மன்னர் வூ, பழம்பெரும் அரசர் ஷுன் வழிவந்தவராகக் கருதப்பட்ட குய் மான் என்பவருக்குத் தம் மகளை மணம் செய்து கொடுத்து, சென் என்ற சிற்றரசையும் அளித்தார். இன்றைய ஹெனான் மாகாணத்தின் ஹுவாய்யாங் பகுதி அது. குய் மான் இறந்த பின் ஹூ கோமகன் என்று அழைக்கப்பட்டார். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூ நாடு அந்தச் சிற்றரசை விழுங்கியது. நாடு போனபின் நாட்டின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டவர்களின் வழியே இது பரவியது. அதற்கு முன்பே, கி.மு. 672இல், சென் வான் என்ற இளவரசர் உயிருக்கு அஞ்சி சி நாட்டுக்குத் தப்பிச் சென்றார். அவருடைய வழித்தோன்றல்கள் டியென் என்ற பெயரில் வளர்ந்து, இறுதியில் அடைக்கலம் தந்த நாட்டின் அரியணையிலேயே அமர்ந்தார்கள். ஹூ, டியென் ஆகிய குடும்பப் பெயர்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவையாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

இவ்வளவு அழகான மூலக்கதை இருப்பதால், எல்லாச் சென்களும் ஹூ கோமகனின் ரத்தம் என்று நம்பத் தோன்றும். வம்சாவளி ஏடுகளும் அப்படியே எழுதும். வரலாறு அப்படி நடக்கவில்லை. வட சீனாவை ஆண்ட வட வெய் அரசின் பேரரசர் சியாவ்வென் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீனரல்லாத தம் சியான்பெய் இன மக்களின் நீண்ட பெயர்களைச் சீனப் பெயர்களாகச் சுருக்க ஆணையிட்டபோது, ஹோமோசென் என்ற குலத்தார் சென் ஆனார்கள். வியட்நாமில் 1225 முதல் 1400 வரை ஆண்டு, மங்கோலியப் படையெடுப்பை மூன்று முறை முறியடித்த அரசமரபின் பெயர் டிரான். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் டிரான். அவர்கள் எல்லோரையும் சீன வம்சாவளியினர் என்று எழுதுவது அபத்தம்.

ஒரே பெயருடையவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்ற பழைய விலக்கு நம் நாட்டுக் கோத்திரத்தை நினைவூட்டும். சில ஊர்களில் சென் குடும்பத்தார் ஹூ குடும்பத்திலும் பெண் எடுக்க மாட்டார்கள். அது வழக்கம், சட்டம் அன்று. சீனச் சட்டம் நெருங்கிய ரத்த உறவை மட்டுமே தடுக்கிறது.

எண்ணிக்கை விஷயத்தில் நமக்கு ஏற்படும் மயக்கம் இயல்பானது. தமிழர்கள் அதிகம் பழகிய சீனர்கள் சிங்கப்பூர், மலேசியச் சீனர்கள். சிங்கப்பூரில் டான் முதலிடம். ஹாங்காங்கில் சான் முதலிடம். தைவானில் பத்தில் ஒருவருக்கும் மேல் சென். ஆனால் சீனப் பெருநிலத்தில் வாங், லி, சாங், லியூ ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவது இடம்தான். ஐந்து கோடிக்கும் அதிகமானோர் இருந்தும் அப்படி. காரணம், இது தெற்கில் அடர்ந்த பெயர். 7ஆம் நூற்றாண்டில் சென் யுவான்குவாங் என்ற தளபதி ஃபூஜியானின் சாங்சௌ பகுதியில் குடியேற்றங்களை அமைத்தார். அவரை இன்றும் தெய்வமாக வணங்குகிறார்கள். சிங்கப்பூர் மேகசின் சாலையில் 1870களில் டான் குலத்தார் கட்டிய கோயில் அவருக்கு உரியதே. அதைக் கட்டியவர்களில் ஒருவர் டான் கிம் செங். சிங்கப்பூரின் நொவீனா பகுதியில் இருக்கும் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் மகன். கடல் கடந்தவர்கள் ஃபூஜியான், குவாங்டொங் துறைமுகங்களிலிருந்து கிளம்பியவர்கள். ஆகவே கடலுக்கு இப்பால் இந்தப் பெயர் பெருகித் தெரிகிறது. 'சென்னும் லின்னும் சேர்ந்தால் பாதி உலகம்' என்ற தென்சீனப் பழமொழி தென்சீனத்துக்குப் பொருந்தும், வடக்கே உள்ள ஷாண்டொங் மாகாணத்துக்குப் பொருந்தாது.

சொங் அரசமரபின் காலத்தில் தொகுக்கப்பட்ட நூறு குடும்பப் பெயர்கள் என்ற சிறுவர் பாடநூலின் வரிசையை மக்கள்தொகை வரிசையாகக் கொள்வதும் தவறு. அதில் சாவ் முதலில் வருவது அது சொங் பேரரசரின் குடும்பப் பெயர் என்பதால். சென் அதில் பத்தாவது.

மலாக்காவிலோ பினாங்கிலோ பழைய வீடுகளின் வாசலுக்கு மேல் யிங்சுவான் என்று பொன்னெழுத்துப் பலகை தொங்கினால், அதை வீட்டுக்காரரின் பெயராகப் படிக்காதீர்கள். ஹெனானில் சென் குலம் செழித்திருந்த பழைய பகுதியின் பெயர் அது. சுங், லாய் குடும்பங்களும் அதே பலகையை மாட்டுவதுண்டு என்பதால், அதை மட்டும் வைத்து டான் வீடு என்றும் முடிவு கட்ட முடியாது.

செய்தி எழுதுவோருக்கு ஒன்று. சீனர்களின் குடும்பப் பெயர் முதலில் வருவதால், டான் செங் போக்கை இரண்டாம் முறை குறிப்பிடும்போது திரு. டான் என்று எழுத வேண்டும், திரு. போக் அன்று. பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சீன வழக்கத்தில் மனைவி தம் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ஹாங்காங்கில் சிலர் கணவர் பெயரை அதன் முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். 1993 முதல் 2001 வரை அங்கே தலைமைச் செயலாளராக இருந்த ஆன்சன் சானின் முழுப்பெயர் சான் ஃபாங் ஒன்-சாங். அவர் ஃபாங் வீட்டுப் பெண்; சான் அவருடைய கணவரின் குடும்பப் பெயர்.