ஷெங்கன் எல்லை தாண்டுமுன்: கையில் இருக்க வேண்டிய தாளும் கேட்டு வாங்க வேண்டிய தாளும்

சுவிஸின் பாசலில் 8ஆம் இலக்க ட்ராமில் ஏறினால் ஜேர்மனியின் வைல் அம் ரைனில் இறங்கலாம். 3ஆம் இலக்கத்தில் ஏறினால் பிரான்ஸின் சென் லூயி. பெரும்பாலான நாட்களில் வழியில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் இந்த ஊரில் தமிழ், ஜேர்மன் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அக்கரைக்குச் சாமான் வாங்கப் போய் மறிக்கப்பட்ட எங்கள் ஆட்களுக்காகப் பொலிஸ் அறைகளில் இருந்து கதைத்திருக்கிறேன். அவர்களில் அநேகர் தங்கள் அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரியாமல் போனவர்கள். அதை அவர்களுக்குத் தமிழில் யாரும் விளங்கப்படுத்தவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அட்டை

சுவிஸில் ‘பி’ அல்லது ‘சி’ வதிவிட அனுமதி வைத்திருக்கிறீர்கள், கடவுச்சீட்டும் காலாவதியாகவில்லை என்றால், மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளுக்குள்ளும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஜேர்மனியோ பிரான்ஸோ நோர்வேயோ தந்த வதிவிட அனுமதிக்கும் இதே விதிதான். நீங்கள் குடியிருக்கும் நாட்டில் கழிக்கும் நாட்கள் இந்த 90இல் சேராது. ஆனால் இது சுற்றிப்பார்க்கவும் சொந்தக்காரரைப் பார்க்கவும் உள்ள அனுமதி. பரிசில் மச்சானின் கடையில் ஒரு மாதம் நின்று உதவி செய்யலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

அட்டை, கடவுச்சீட்டு இரண்டும் கையில் இருக்க வேண்டும், இரண்டும் அசலாக. தொலைபேசியில் எடுத்துவைத்த படம் பயண ஆவணம் ஆகாது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் கடவுச்சீட்டுக்குப் பதிலாக 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பயணப் பத்திரத்தைக் கொண்டுபோக வேண்டும்.

இனி முக்கியமான இடம். சுவிஸின் ‘எஃப்’ அட்டை, அதாவது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் அட்டை, எல்லை தாண்டும் உரிமையைத் தராது. தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களின் ‘என்’ அட்டையும் அப்படித்தான். பார்க்க மற்ற அட்டைகளைப் போலவே இருக்கும், பல வருடமாகக் கையில் இருக்கும், வேலை செய்து வரியும் கட்டுவீர்கள். ஆனாலும் அந்த அட்டையோடு 8ஆம் இலக்க ட்ராமில் அக்கரை போனால் ஜேர்மன் சட்டப்படி அது அனுமதியில்லாத நுழைவு, வழக்கும் பதியலாம். ‘எஃப்’ வைத்திருப்பவர் வெளிநாடு போக முன்கூட்டியே விண்ணப்பித்துப் பயண அனுமதி எடுக்க வேண்டும். அதுவும் வரையறுத்த காரணங்களுக்குத்தான் கிடைக்கும். எத்தனை வருடம் இங்கே உழைத்தாலும் ஆற்றின் அக்கரையில் வாழும் தமக்கையைப் பார்க்க ஒருவருக்கு உரிமை இல்லாமல் இருப்பது அநியாயம் என்பதுதான் என் எண்ணம். சட்டம் மாறும்வரை நீங்கள் அகப்படாமல் இருக்க வேண்டும், அதனால் சொல்கிறேன்.

ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாமலே இதில் இருக்கின்றன. அயர்லாந்தும் சைப்பிரஸும் ஒன்றியத்தில் இருந்தும் இதில் இல்லை. பிரித்தானியா இரண்டிலும் இல்லை. பரிசிலிருந்து லண்டன் கலியாணத்துக்குப் போக உங்கள் பிரெஞ்சு அட்டை போதாது, பிரித்தானிய விசா வேண்டும்.

சுவிஸுக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. ஆட்களுக்குக் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாவிட்டாலும் சாமானுக்குச் சுங்கம் உண்டு. இறைச்சி ஆளுக்கு 1 கிலோதான். 2025 ஜனவரி முதல் ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல் பெறுமதியான சாமானுக்கு வரி கட்ட வேண்டும்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு

விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குவார்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பியுங்கள். ‘அந்த நாடு கெதியாகக் கொடுக்கிறது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறு இடத்தில் போடாதீர்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம்.

நாள் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். வந்த நாளும் போன நாளும் முழு நாளாக எண்ணப்படும். பலமுறை நுழையும் விசாவில் அம்மா மார்ச் 1 வந்து ஏப்ரல் 20 திரும்பினால் 51 நாள். மீதி 39. ஜூன் 1 மறுபடி வந்தால் ஜூலை 9 கடைசி நாள். நடுவில் ஊருக்குப் போய்வந்ததால் கணக்குப் பூச்சியத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். பரிசில் நின்றது, சூரிச்சில் நின்றது, ஒஸ்லோவில் நின்றது எல்லாம் ஒரே கணக்கு. விசாவில் அதைவிடக் குறைந்த நாள் எழுதியிருந்தால் அதுதான் எல்லை. 2025 ஒக்டோபர் 12இலிருந்து குறுகிய காலத்துக்கு வருபவர்களின் முகமும் கைரேகையும் வெளி எல்லையில், அதாவது ஷெங்கனுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான எல்லையில், கணினியில் பதியப்படுகின்றன. முத்திரை தெளிவில்லை என்று சொல்லித் தப்பிய காலம் முடிந்துவிட்டது.

ரயிலில் மறித்தால்

ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, உள் எல்லையை, அதாவது இரண்டு ஷெங்கன் நாடுகளுக்கு இடையிலான எல்லையை, எந்த இடத்திலும், எந்த நாட்டவரானாலும், சோதனையின்றிக் கடக்கலாம் என்கிறது. ‘எந்த நாட்டவரானாலும்’ என்று சொன்னது வெள்ளைக்காரருக்கு மட்டுமல்ல. ஆனால் அதே சட்டம் ஆபத்துக் காலத்தில் தற்காலிகமாகச் சோதனை வைக்கவும் இடம் தருகிறது. பிரான்ஸ் 2015 நவம்பரிலிருந்து அதை நீடித்துக்கொண்டே வந்தது. ஜேர்மனி 2024 செப்டம்பர் 16இலிருந்து தன் எல்லாத் தரை எல்லைகளிலும் வைத்தது. ஆகவே பாசலிலிருந்து ஃபிரைபுர்க் போகும் ரயிலிலும் பொலிஸார் ஏறலாம்.

ஒஸ்திரியா ஸ்லொவேனிய எல்லையில் கடவுச்சீட்டைக் காட்ட மறுத்து 36 யூரோ தண்டம் வாங்கிய ஒருவர் வழக்குப் போட்டார். புதிய ஆபத்து ஒன்று இல்லாமல் 6 மாதத்துக்கு மேல் சோதனையை நீடிக்க முடியாது, அப்படிப்பட்ட சோதனையில் காட்ட மறுத்ததற்குத் தண்டமும் விதிக்க முடியாது என்று 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. பிறகு 2024இல் சட்டத்தையே திருத்தி, அறிவித்த சோதனையை 6 மாதம் 6 மாதமாக 2 வருடம் வரையும், விசேட நிலையில் 3 வருடம் வரையும் நீடிக்க வழிசெய்துவிட்டார்கள். அதனால் இந்தத் தீர்ப்பை வாசித்துவிட்டுக் காட்டமாட்டேன் என்று நிற்காதீர்கள். காட்டுங்கள். காட்டிவிட்டு அமைதியாகக் கேளுங்கள்: ‘என்ன காரணத்துக்காக என்னைச் சோதிக்கிறீர்கள்?’

பெட்டி முழுக்க ஆட்கள் இருக்க உங்களை மட்டும் கேட்டார்களா? இறங்கின உடனேயே எழுதிவையுங்கள்: ரயில் இலக்கம், பெட்டி, நேரம், எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில், வேறு யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை, பொலிஸார் சொன்ன வார்த்தைகள் அப்படியே. பக்கத்தில் இருந்தவரிடம் தொலைபேசி இலக்கம் கேளுங்கள். எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டு இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2022 ஒக்டோபர் 18 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். ஒன்று, இந்திய வம்சாவளி ஜேர்மன் குடிமகன் ஒருவருடையது. 2012இல் செக் நாட்டிலிருந்து ரயிலில் வரும்போது அவரையும் மகளையும் சோதித்தார்கள். அந்தப் பெட்டியில் கறுத்த நிறத்தவர் அவர்கள் இருவர்தான். நிறத்தைப் பார்த்தா மறித்தார்கள் என்று சுயாதீனமாக விசாரிக்காதது உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. மற்றது, பார்சிலோனாவில் மறிக்கப்பட்ட பாகிஸ்தானியர் ஒருவருடையது. அதில் மீறல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நிறத்துக்காகத்தான் மறித்தார்கள் என்று அவரால் காட்ட முடியவில்லை. நெதர்லாந்திலும் எல்லைப் பொலிஸார் இனத்தை அளவுகோலாக வைத்து ஆட்களைத் தெரிவுசெய்யக் கூடாது என்று 2023 பெப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. இந்த வழக்குகளைப் போட்டவர்களும் உங்களைப் போல ஒருநாள் மறிக்கப்பட்டவர்கள்தான்.

எழுத்தில் வாங்குங்கள்

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். “அக்கா, அம்மாவை ட்ரெயினாலை இறக்கிப்போட்டாங்கள். ஏதோ பேப்பரிலை கையெழுத்து வைக்கச் சொல்லுறாங்கள், வைக்கிறதோ?”

“தம்பி, வைக்கமுதல் அது என்ன பேப்பர் எண்டு கேளுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு சொல்லுங்கோ.”

பெற்றுக்கொண்டேன் என்று வைக்கும் கையெழுத்து வேறு, சம்மதிக்கிறேன் என்று வைக்கும் கையெழுத்து வேறு. விளங்காத தாளில் சம்மதம் வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கைதானால் காரணத்தை விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு சொல்கிறது. குற்ற வழக்கென்றால் மொழிபெயர்ப்பாளர் இலவசம், அது 6ஆம் பிரிவு. இரண்டும் சுவிஸ் உட்பட 46 நாடுகளுக்குப் பொருந்தும்.

திருப்பி அனுப்பினால் அந்த முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளி எல்லையில் நுழைவு மறுத்தால் காரணம் எழுதிய படிவம் தர வேண்டும், சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற விபரமும் எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு செய்வதால் மட்டும் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள், ஆனாலும் செய்ய வேண்டும். உள் எல்லையில் இன்னும் தெளிவு. சோதனையை மறுபடி வைத்ததால் அது வெளி எல்லை ஆகிவிடாது, பிடிபட்டவருக்குத் திருப்பியனுப்பும் சட்டத்தின் பாதுகாப்புகள் உண்டு என்று 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பிரான்ஸுக்குச் சொன்னது. வாய்வார்த்தையாக ‘போ’ என்று சொன்னதை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. திகதியும் காரணமும் எழுதிய தாள் இருந்தால் போகலாம். எத்தனை பேர் வெறும் கையோடு திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும்.

தஞ்சம் கேட்பவர்களுக்கு

‘எனக்குத் தஞ்சம் வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்குத் தனிப் படிவம் தேவையில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் பதிய வேண்டியது அவர்களின் கடமை. 2025 ஜூனில் பேர்லின் நிர்வாக நீதிமன்றம், தஞ்சம் கேட்ட மூன்று சோமாலியரை, விண்ணப்பத்தை எந்த நாடு பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டப்ளின் நடைமுறையைச் செய்யாமல் எல்லையில் திருப்பியது சட்டவிரோதம் என்றது. அது அந்த வழக்குக்கு மட்டும்தான் என்று சொல்லி அரசாங்கம் திருப்பி அனுப்புவதைத் தொடர்ந்தது. அதனால்தான் வழக்கறிஞர் தொடர்பு முதல் நாளிலேயே தேவை.

2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வரும், தஞ்சம் பற்றிய புதிய ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தப்படி, வெளி எல்லையில் 7 நாள் வரை முதற்பரிசோதனை நடக்கும். தஞ்சம் ஏற்கப்படும் விகிதம் 20 வீதமோ அதற்குக் குறைவோ உள்ள நாட்டவரின் விண்ணப்பம் எல்லையிலேயே 12 வாரத்துக்குள் பார்க்கப்படும். கைரேகை 6 வயதிலிருந்து. அவசரப்படுத்தும் ஏற்பாடு இது, எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஆனால் இலவசச் சட்ட ஆலோசனை என்றும், உரிமை மீறலைக் கவனிக்கச் சுயாதீனக் கண்காணிப்பு என்றும் இதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். சுவிஸ் இதன் சில பகுதிகளுக்கு மட்டும் கட்டுப்பட்டது.

சுவிஸ் விசாரணை அறையில் அதிகாரி, பதிவெழுதுபவர், உங்கள் சட்டப் பிரதிநிதி, உரைபெயர்ப்பாளர் இருப்பார்கள். சட்டப் பிரதிநிதி 2019 மார்ச்சிலிருந்து இலவசம். நீங்கள் சொன்னதைக் கடைசியில் வரி வரியாகத் தமிழில் திருப்பி வாசிப்போம். அப்போது நித்திரை வரும், பசிக்கும், முடிந்தால் போதும் என்று தலையாட்டத் தோன்றும். தயவுசெய்து ஆட்டாதீர்கள். பிழை இருந்தால் நிறுத்துங்கள், திருத்தம் பதியப்படும், பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வையுங்கள். திகதி ஞாபகமில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள். ‘தைப்பொங்கலுக்குப் பிறகு’, ‘மகள் ஓ.எல். சோதனை எழுதின வருடம்’ என்று சொல்வது ஊகித்த திகதியைவிடப் பெறுமதியானது. முதல் விசாரணையில் ஒரு மாதமும் இரண்டாவதில் இன்னொரு மாதமும் வந்தால் மறுப்புக் கடிதத்தில் முதல் காரணமாக அதுதான் நிற்கும். உரைபெயர்ப்பாளரின் தமிழ் விளங்காவிட்டாலும் சொல்லுங்கள். எங்களுக்கு அதில் கோபம் இல்லை.

மறுத்தால் நாள் மிகக் குறைவு. விரைவு நடைமுறையில் 7 வேலைநாள், டப்ளின் முடிவுக்கு 5 வேலைநாள். அதற்குள் மனு செங்காலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கும் தோற்றால் ஸ்ட்ராஸ்பூர்க், 4 மாதத்துக்குள். உடனடியாக நாடுகடத்தும் ஆபத்திருந்தால் இடைக்காலத் தடை கேட்கலாம். 2013இல் சுவிஸிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இலங்கையில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான தமிழர் ஒருவரின் வழக்கில், சித்திரவதையைத் தடைசெய்யும் மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவை சுவிஸ் மீறியது என்று 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அவர் பட்டதை அந்தத் தீர்ப்பு இல்லாமல் ஆக்கவில்லை, ஆனால் இன்றும் வழக்கறிஞர்கள் அதைக் கையில் எடுக்கிறார்கள்.

ஒருமுறை மறுக்கப்பட்டவர்கள் அடுத்த பயணச்சீட்டு வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஷெங்கன் நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் கணினிப் பதிவான ஷெங்கன் தகவல் அமைப்பில் உங்கள் பெயரில் நுழைவுத் தடை இருக்கிறதா என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுவிஸில் பெர்னில் உள்ள கூட்டாட்சிப் பொலிஸ் திணைக்களத்துக்கும் ஜேர்மனியில் கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வுப் பொலிஸுக்கும் எழுதலாம், அடையாள ஆவணத்தின் பிரதியோடு. கட்டணம் இல்லை. பதிவு பிழையென்றால் திருத்தவோ நீக்கவோ அதே இடத்தில் கேளுங்கள். பதில் கையில் வந்த பிறகு சீட்டை வாங்குங்கள்.